லாக் ஃபைல் வைத்தால் போதாதா? ஆண்டு முடிப்பும் டேட்டாபேஸ் பூட்டும்

கேள்வி, மார்ச் 11

ஒரு மொத்த மளிகைக் கடைக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நிரல் டாட்நெட்டில், டேட்டாபேஸ் எஸ்கியூலைட்டில் (சர்வர் இல்லாமல் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கும் வகை). மூன்று கணினிகள். டேட்டாபேஸ் ஃபைல் முதலாளி அறைக் கணினியில், ஷேர்டு ஃபோல்டரில் இருக்கிறது. மார்ச் 31 இரவு ஆண்டுக் கணக்கு முடிப்பு ஓட வேண்டும். அப்போது வேறு யாரும் உள்ளே வரக்கூடாது. நான் செய்திருப்பது இதுதான்: முடிப்பு தொடங்கும்போது அதே ஃபோல்டரில் ‘பூட்டு’ என்ற பெயரில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் உருவாகும், முடிந்ததும் அழியும். மென்பொருளைத் திறக்கும்போது அந்த ஃபைல் இருந்தால் ‘பிறகு வாருங்கள்’ என்று சொல்லி மூடிக்கொள்ளும். மொத்தம் பத்து வரி. கூட வேலை பார்க்கும் ஒருவர் இது போதாது, டேட்டாபேஸையே எக்ஸ்க்ளூசிவாக, அதாவது ஒருவருக்கு மட்டும் என்று, பூட்ட வேண்டும் என்கிறார். இதற்கு மேல் என்ன வேண்டியிருக்கிறது?

பதில், மார்ச் 11, இரவு

போதாது. நீங்கள் வைத்திருப்பது பூட்டு இல்லை, துண்டு. பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாக சீட்டில் துண்டு போடுவோமே, அது. மதிக்கிறவர்கள் இருக்கும்வரை இடம் பிடித்த மாதிரிதான். மதிக்காதவர் துண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தால் சண்டை போடலாம், அவ்வளவுதான். துண்டு போட்டவர் பஸ்ஸையே தவறவிட்டாலும் துண்டு மட்டும் சீட்டில் கிடந்து ஊர் போய்ச் சேரும்.

இந்தக் கடைசி வரியைத்தான் நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் முதல் வாடிக்கையாளருக்கு இதே பத்து வரியைத்தான் எழுதினேன். ஸ்டாக் சரிபார்ப்பு ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. யூபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்திருந்தது. அழிக்க வேண்டிய வரி ஓடவே இல்லை, ஃபைல் அப்படியே நின்றுவிட்டது. மறுநாள் காலை கடையில் ஒருவராலும் உள்ளே போக முடியவில்லை. நான் வேறு ஊரில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். பந்தியில் உட்கார்ந்தபடி போனில், “அந்த ஃபோல்டரில் பூட்டு என்று ஒன்று இருக்கும், அதை அழித்துவிடுங்கள்” என்று சொன்னேன். வேலை நடந்தது.

அதற்கப்புறம் ‘பிறகு வாருங்கள்’ என்று எப்போது வந்தாலும், உண்மையிலேயே உள்ளே ஆள் இருந்தாலும், அந்த ஃபைலை அழிப்பது கடை வழக்கமாகிவிட்டது. புதிதாகச் சேர்ந்த பையனுக்கு முதல் நாளே கற்றுக்கொடுத்தார்களாம்: கல்லாவைத் துடை, ஊதுபத்தி ஏற்று, பூட்டை அழி.

மார்ச் 12, காலை

நேற்று குறை மட்டும் சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். செய்ய வேண்டியது:

ஃபைல் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காதீர்கள். அந்த ஃபைலைத் திறந்து, மூடாமல் வைத்துக்கொள்ளுங்கள். டாட்நெட்டில் ஃபைல்ஸ்ட்ரீம் திறக்கும்போது ஃபைல்ஷேர் (மற்றவர்களுக்கு என்ன அனுமதி) என்ற இடத்தில் ‘நன்’ (எதுவும் இல்லை) கொடுத்தால் அடுத்தவர் திறக்கும்போது விண்டோஸே மறுத்துவிடும். அடியில் வரும் எரர் எண் 32, ஷேரிங் வயலேஷன். மென்பொருள் செத்தாலும் கரண்ட் போனாலும் ஹேண்டில் (ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் பிடி) தானாக விடுபடும். ஃபைல் கிடந்தால் கிடக்கட்டும், அதற்கு மதிப்பில்லை. கூடவே ‘டெலீட் ஆன் க்ளோஸ்’ கொடியையும் போட்டால், கரண்ட் போனால் தவிர, குப்பையும் மிஞ்சாது.

டேட்டாபேஸுக்கு, எஸ்கியூலைட்டின் அமைப்பை மாற்றும் கட்டளை: ‘பிராக்மா லாக்கிங்_மோட் = எக்ஸ்க்ளூசிவ்’. இந்த ஒரு வரியை இயக்கியதுமே ஃபைல் உங்களுக்கு மட்டும்தான். முடிந்தது கதை.

மார்ச் 12, மாலை

முடியவில்லை கதை. காலையில் எழுதிய கடைசிப் பத்தி தவறு.

அந்த வரியை இயக்கியதும் எந்தப் பூட்டும் விழாது. ‘இனிமேல் எடுக்கிற பூட்டைத் திருப்பித் தராதே’ என்ற உத்தரவு மட்டும்தான் அது. அடுத்து நீங்கள் ஒரு செலக்ட் (வாசிக்கும் கட்டளை) ஓட்டினால் பகிர்வுப் பூட்டு விழும், போகாது. முதல் முறை எழுதும்போதுதான் எக்ஸ்க்ளூசிவ் பூட்டு விழும், அதுவும் போகாது. ஆகவே பிராக்மா வரிக்கு அடுத்து ‘பிகின் எக்ஸ்க்ளூசிவ்’ (பூட்டோடு தொடங்கு), உடனே ‘கமிட்’ (உறுதிசெய்து முடி) என்று ஓட்டிவிட வேண்டும். கமிட் ஆனாலும் பூட்டு கையிலேயே நிற்கும். விடும்போதும் இதே கூத்து: மோடை ‘நார்மல்’ என்று மாற்றினால் மட்டும் போதாது, மாற்றியபின் ஒரு முறையாவது டேட்டாபேஸைத் தொட வேண்டும்.

இதைப் பல வருடங்களாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். மதியம் இரண்டு கமாண்ட் விண்டோ திறந்து வைத்துப் பார்த்தபோதுதான், என் பழைய மென்பொருளில் முதல் இன்சர்ட் வரும்வரை கதவு திறந்தே கிடந்திருக்கிறது என்று தெரிகிறது. யாரும் நுழையாதது என் அதிர்ஷ்டம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எஸ்கியூலைட்டில், ‘வால்’ (டபிள்யூஏஎல், மாற்றங்களை முதலில் தனி ஃபைலில் எழுதும் முறை) இல்லாத பழைய ஜர்னல் முறையில் (மாற்றும் முன் பழைய பக்கங்களை ஜர்னல் என்ற தனி ஃபைலில் எடுத்து வைப்பது), ஐந்து நிலைகள்: பூட்டில்லாமை, ஷேர்டு, ரிசர்வ்டு, பெண்டிங், எக்ஸ்க்ளூசிவ். ஷேர்டு வாசிப்பவர்களுக்கு, எத்தனை பேரும் வைத்திருக்கலாம். ரிசர்வ்டு ‘நான் எழுதப் போகிறேன்’ என்பவருக்கு. ஒருவர்தான் எடுக்கலாம், ஆனால் மற்றவர்கள் வாசித்துக்கொண்டிருக்கலாம். எனக்குப் பிடித்தது பெண்டிங். டெர்மினஸில் நடத்துநர் படிக்கட்டில் கையை நீட்டி, “இறங்குறவங்க இறங்கட்டும், யாரும் ஏறாதீங்க” என்பாரே, அந்த நிலை. உள்ளே வாசித்துக்கொண்டிருப்பவர்கள் முடித்துவிட்டுப் போகலாம், புதிதாக ஒருவரும் நுழைய முடியாது. அது இல்லையென்றால் வாசிப்பவர்கள் மாறி மாறி வந்துகொண்டே இருப்பார்கள், எழுதுபவருக்குக் கடைசிவரை முறை வராது. பஸ் காலியானதும் எக்ஸ்க்ளூசிவ்.

இந்தப் பூட்டுகள் ஃபைலின் எந்த இடத்தில் விழுகின்றன தெரியுமா? சரியாக 1 ஜிபி தூரத்தில், 1,07,37,41,824ஆவது பைட்டில் தொடங்கி. உங்கள் டேட்டாபேஸ் 40 எம்பிதான் என்றாலும் அங்கேதான். விண்டோஸில் பூட்டிய பைட்டுகளை மற்றவர்களால் வாசிக்கவே முடியாது. அதனால் தரவு ஒருபோதும் வைக்கப்படாத ஓர் இடத்தைப் பூட்டுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். ஃபைல் 1 ஜிபியைத் தாண்டி வளர்ந்தாலும் அந்தப் பக்கத்தைத் தாண்டிக்கொண்டு போகும். ஷேர்டு பூட்டுக்கு மட்டும் 510 பைட்டுகள். விண்டோஸ் 95, 98 காலத்தில் பகிர்வுப் பூட்டு என்பதே கிடையாது. ஒவ்வொரு வாசகரும் அந்த 510இல் ஏதோ ஒன்றைக் குத்துமதிப்பாகத் தேர்ந்தெடுத்துப் பூட்டிக்கொள்வார். அந்த ஏற்பாட்டின் மிச்சம் இன்றும் இருக்கிறது.

மார்ச் 13

இன்னொரு திருத்தம். “பூட்டு யாரிடம் இருக்கிறது என்று திரையில் காட்ட வேண்டும், லாக் ஃபைலுக்குள் கணினிப் பெயரை எழுதி வைக்கலாமா?” என்று கேட்டவருக்கு.

எழுதலாம், ஆனால் நான் சொன்ன ‘நன்’ கொடுத்தால் அடுத்தவரால் அந்தப் பெயரைப் படிக்க முடியாது. பூட்டிய அறைக்குள் சாவி வைத்திருப்பவர் பெயரை ஒட்டி வைத்த கதை. ‘ரீட்’ என்று கொடுங்கள். அப்போதும் இரண்டாமவர் எழுதத் திறந்தால் மறுக்கப்படுவார், வாசிக்கத் திறந்தால் கிடைக்கும். வாசிப்பவர் தன் பக்கத்தில் ஃபைல்ஷேர் ‘ரீட்ரைட்’ என்று கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இவரும் 32 வாங்குவார். ஏற்கெனவே ஒருவர் எழுதும் உரிமையோடு திறந்திருக்கும்போது, அதற்குச் சம்மதம் என்று வருபவரும் சொல்லியாக வேண்டும்.

‘டெலீட் ஆன் க்ளோஸ்’ கொடியையும் எடுத்துவிடுங்கள். அது இருந்தால் வருகிறவர்கள் அழிப்பதற்கும் சம்மதம் சொல்லித்தான் திறக்க முடியும். ஒரு ஃபைலைக் குப்பையாக விடக்கூடாது என்று நினைத்ததற்கு இவ்வளவு சிக்கல். கிடக்கட்டும் விடுங்கள்.

மார்ச் 15

நேற்று ஒருவர் “அந்தக் காலத்தில் இதெல்லாம் இல்லையா” என்று கேட்டுவிட்டார். கேட்டால் சும்மா இருப்பேனா.

நான் தொழில் கற்றது ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய டேட்டாபேஸ் மென்பொருளில். அங்கே எக்ஸ்க்ளூசிவ் என்பதுதான் இயல்பு நிலை, பகிர்வுதான் விதிவிலக்கு. ‘செட் எக்ஸ்க்ளூசிவ் ஆஃப்’ என்று நிரலின் தலையில் எழுத மறந்தால், முதலில் டேபிளைத் திறந்தவருக்கே ராஜ்ஜியம். டெலீட் கொடுத்தால் ரெக்கார்டு அழியாது, அழிந்ததாக ஒரு குறி மட்டும் விழும். உண்மையில் அழிக்க ‘பேக்’ ஓட்ட வேண்டும். பேக், ஜாப் (எல்லா ரெக்கார்டையும் துடைப்பது), ரீஇண்டெக்ஸ் (இண்டெக்ஸை மீண்டும் கட்டுவது) மூன்றுக்கும் டேபிள் எக்ஸ்க்ளூசிவாகத் திறந்திருக்க வேண்டும். அதனால் அலுவலகத்தில் மாதம் ஒரு முறை ஒருவர் எழுந்து நின்று, “எல்லாரும் வெளிய வாங்க, பேக் ஓட்டணும்” என்று கத்துவார். எல்லோரும் டீ குடிக்கப் போவோம். எண்ணிப் பார்த்தால் அந்தக் கத்தலைவிட நம்பகமான பூட்டு நான் பார்த்ததில்லை. யார் வைத்திருக்கிறார், எதற்கு, எப்போது விடுவார், மூன்றும் ஒரே குரலில் தெரிந்துவிடும்.

அப்புறம் மைக்ரோசாஃப்டின் ஆக்சஸ் டேட்டாபேஸ். எம்டிபி என்ற அதன் டேட்டாபேஸ் ஃபைலைத் திறந்தால் பக்கத்திலேயே அதே பெயரில் எல்டிபி என்ற பூட்டு ஃபைல் ஒன்று முளைக்கும். 2007 பதிப்பில் எம்டிபிக்குப் பதில் ஏசிசிடிபி வந்தபோது அது எல்ஏசிசிடிபி ஆனது. அதற்குள் ஒவ்வொரு பயனருக்கும் 64 பைட்: 32 கணினிப் பெயருக்கு, 32 பயனர் பெயருக்கு. அதிகபட்சம் 255 பேர். கடைசி ஆள் வெளியேறும்போது அழியும். பார்த்தால் நம் துண்டு மாதிரியே இருக்கும், ஆனால் துண்டு இல்லை. அந்த ஃபைலின் மேல் இயங்குதளத்திடம் வாங்கிய பைட் பூட்டுகள்தான் நிஜம், உள்ளே இருக்கும் பெயர்கள் வெறும் பெயர்ப்பலகை. ஒருவர் போன பிறகும் அவர் பெயர் உள்ளே கிடக்கும்.

கேலிக்கூத்து பயனர் பெயரில்தான். பாதுகாப்பு அமைப்பு எதுவும் செய்யாத டேட்டாபேஸில் எல்லோர் பெயரும் ‘அட்மின்’. எக்ஸ்க்ளூசிவாகத் திறந்திருக்கிறது என்று 3356 எரர் வரும்போது பயனர் அட்மின் என்று காட்டும். ஒரு முறை ஒரு கணக்காளர் என்னிடம் கோபமாக, “அந்த அட்மின் யார்னு சொல்லுங்க சார், தினம் இவர்தான் பிரச்சினை பண்றார்” என்றார்.

ஃபோல்டரில் புதிய ஃபைல் உருவாக்கும் அனுமதி ஒருவருக்கு இல்லையென்றால் எல்டிபி உருவாகாது. அப்போது ஆக்சஸ் மறுக்காது, சத்தமில்லாமல் எக்ஸ்க்ளூசிவாகத் திறந்துகொள்ளும். ‘பாதுகாப்புக்காக’ ஃபோல்டர் அனுமதியைக் குறைத்த மறுநாள் காலை, முதலில் வந்தவர் மட்டும் வேலை செய்கிறார், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

மார்ச் 16

“இதையெல்லாம் விட்டுவிட்டு மூன்று கணினியின் லேன் கேபிளையும் பிடுங்கிவிட்டால்?” என்று கேட்டவருக்கு: சிரிக்கவில்லை. நான் செய்திருக்கிறேன். வேலை செய்யும்.

மார்ச் 18

இதுவரை எழுதியதெல்லாம் சுற்றி வளைப்பு. கேட்டவரின் கடையில் நிஜமாக என்ன உடையும் என்பதை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இது எனக்கே நடந்தது என்பதால் எழுதத் தயக்கம். ஆண்டு, ஊர் வேண்டாம்.

மார்ச் 31 இரவு. நான் அங்கேயே இருந்தேன். இரண்டாவது கவுண்டரில் ஆள் வீட்டுக்குப் போயிருந்தார், மென்பொருள் திரையில் திறந்தே இருந்தது. நான் முதலாளி அறையில் முடிப்பை ஓட்டினேன். பிகின் எக்ஸ்க்ளூசிவ். பூட்டு உடனே கிடைத்தது. ஒரு குறையும் இல்லை. இருப்பு புதிய ஆண்டுக்கு மாறியது, பில் எண் 1க்குத் திரும்பியது, கமிட், பூட்டு விடுவிப்பு, வீட்டுக்குப் போய்த் தூக்கம்.

மறுநாள் காலை இரண்டாவது கவுண்டர்க்காரர் வந்தார். முந்தின நாள் பாதியில் விட்ட பில் திரையில் இருந்தது. முடித்து சேமித்தார். ஏற்றுக்கொண்டது. ஏன் ஏற்றுக்கொள்ளாது? இப்போது பூட்டு எதுவும் இல்லையே. ஆனால் அந்தத் திரையின் நினைவில் இருந்தது பழைய ஆண்டின் பில் எண், பழைய இருப்பு. புதிய ஆண்டின் பில் வரிசையில் 1, 2, 3க்கு நடுவே நாலாயிரத்துச் சொச்சம் என்று ஒரு எண் போய் உட்கார்ந்தது. நான் எழுதிய நிரல் ‘கடைசி பெரிய எண்ணோடு ஒன்று கூட்டு’ என்று இருந்ததால் அதற்கடுத்த பில்கள் எல்லாம் நாலாயிரத்திலிருந்தே ஓடின. ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் நிதியாண்டுக்குள் திரும்ப வராததாக, தொடர் வரிசையாக, 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும். ஆடிட்டர் ஜூலையில்தான் பார்த்தார். அவர் என்னிடம் கோபப்படவில்லை. “வரிசை எங்கே?” என்று மட்டும் கேட்டார்.

எங்கே பிசகு? எஸ்கியூலைட்டில் சும்மா திறந்து கிடக்கும் மென்பொருள் எந்தப் பூட்டையும் வைத்திருக்காது. வாசித்து முடித்தவுடன் ஷேர்டு பூட்டையும் விட்டுவிடும். ஆகவே நான் எக்ஸ்க்ளூசிவ் கேட்டபோது, டேட்டாபேஸ் கண்ணுக்குக் கடையில் ஒருவரும் இல்லை. திரையில் பாதி பில் இருப்பது அதற்கு எப்படித் தெரியும்? நான் ஃபைலைக் காத்தேன். காக்க வேண்டியிருந்தது அந்தத் திரையை.

கேட்டவரின் பத்து வரியிலும் இதே ஓட்டை. அது புதிதாக வருகிறவரைத்தான் தடுக்கும். ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பவரை ஒன்றும் செய்யாது. கூட வேலை பார்ப்பவர் சொன்ன எக்ஸ்க்ளூசிவ் பூட்டிலும் இதே ஓட்டை. இரண்டு பேரும் பாதி சரி.

மார்ச் 19

வழி கேட்கிறார்கள். நான் இப்போது பயன்படுத்துவது இது. நிரல் இருபது வரிகூட வராது.

ஷேர்டு ஃபோல்டரில் ஒரு வெற்று ஃபைல். ‘உள்ளே’ என்று பெயர் வையுங்கள். ஒவ்வொரு கவுண்டரும் மென்பொருள் தொடங்கும்போது அதை வாசிக்க மட்டும், ஃபைல்ஷேர் ‘ரீட்’ என்று திறந்து, மென்பொருள் மூடும்வரை கையில் வைத்திருக்க வேண்டும். பத்து பேர் வேண்டுமானாலும் இப்படித் திறக்கலாம், ஒருவரை ஒருவர் தடுக்க மாட்டார்கள். ஆண்டு முடிப்பு மட்டும் அதே ஃபைலை எழுதும் உரிமையோடு, ‘நன்’ என்று திறக்கும். ஒரே ஒருவர் உள்ளே இருந்தாலும் அது தோற்கும். அது ஜெயித்துவிட்டால் புதிதாக வரும் எவரும் தோற்பார். வாசகர் பூட்டு, எழுத்தர் பூட்டு இரண்டையும் விண்டோஸே இலவசமாகத் தருகிறது. கரண்ட் போனால் கணினியோடு பூட்டும் போகும் (நெட்வொர்க்கில் சில நேரம் சற்றுத் தாமதமாக), யாரும் எதையும் அழிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

முடிப்பை நடத்தும் கணினியிலும் பில்லிங் திரை திறந்திருந்தால் அதுவும் ஒரு ‘உள்ளே’தான் என்பதை மறக்காதீர்கள். நான் மறந்தேன். என் பூட்டே என்னைத் தடுத்தது. அரை மணி நேரம் பக்கத்துக் கவுண்டர்களில் குற்றவாளியைத் தேடினேன்.

இதற்கு மேலும் எஸ்கியூலைட்டின் எக்ஸ்க்ளூசிவ் பூட்டை எடுங்கள். உங்கள் ‘உள்ளே’ ஃபைலைப் பற்றித் தெரியாத ரிப்போர்ட் மென்பொருளோ, டேட்டாபேஸ் பார்க்கும் கருவியோ நேராக ஃபைலைத் திறக்கக்கூடும். அவர்களுக்குத் துண்டு தெரியாது, உட்கார்ந்திருக்கும் ஆள்தான் தெரியும்.

மார்ச் 20

“மியூடெக்ஸ் போடலாமே” என்பவருக்கு: ஒரு நேரத்தில் ஒருவரே பிடிக்கக்கூடிய விண்டோஸ் பூட்டு அது, ஆனால் ஒரே கணினிக்குள் மட்டும். ஷேர்டு ஃபோல்டரின் மறுபக்கம் இருப்பவருக்கு அது இருப்பதே தெரியாது. ஒரே கணினிதான் என்றாலும், பெயருக்கு முன்னால் ‘குளோபல்’ போடாவிட்டால் ரிமோட் டெஸ்க்டாப்பில் வரும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மியூடெக்ஸ். இரண்டு பேரும் தனியாக இருப்பதாக நம்பிக்கொண்டு ஒரே ஃபைலில் எழுதுவார்கள்.

மார்ச் 22

வால் முறை பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். 2010இல் 3.7.0 பதிப்போடு வந்தது. வாசிப்பவரும் எழுதுபவரும் ஒருவரை ஒருவர் தடுக்காத ஏற்பாடு. ஒரே கணினியில் அருமை. ஆனால் கேட்டவருடையது ஷேர்டு ஃபோல்டர். வால் முறையில் எல்லா புராசஸ்களும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களும்) ஒரு நினைவகப் பகுதியைப் பகிர வேண்டும், வேறு வேறு கணினிகள் அதைப் பகிர முடியாது. நெட்வொர்க் ஃபோல்டரில் வேண்டாம்.

இன்னொரு வழுக்கல்: வாலில் ‘பிகின் எக்ஸ்க்ளூசிவ்’ என்பது ‘பிகின் இம்மீடியட்’டுக்குச் சமம். எழுதுபவர்களைத் தடுக்கும், வாசிப்பவர்கள் வாசித்துக்கொண்டுதான் இருப்பார்கள். பெயரை நம்பிப் போனால் ஏமாற்றம். நிஜமாகவே தனியாக வேண்டுமென்றால் வாலைத் தொடும் முன்பே லாக்கிங் மோடை எக்ஸ்க்ளூசிவ் ஆக்க வேண்டும். அப்போது அந்தப் பகிர்வு நினைவகமே தேவைப்படாது.

நெட்வொர்க் பேச்சு வந்ததால்: ஃபோல்டர் பகிர்வில் ஃபைல் பூட்டுகள் சில இடங்களில் பொய் சொல்லும். எஸ்கியூலைட் செய்தவர்களே எச்சரிக்கிறார்கள். முடிப்பை எப்போதும் ஃபைல் இருக்கும் கணினியிலேயே உட்கார்ந்து ஓட்டுங்கள். அடுத்த ஆண்டுக்குள் ஒரு சர்வர் டேட்டாபேஸுக்கு மாறிவிடுங்கள் என்பதுதான் என் நேர்மையான கருத்து. ஆனால் ‘ஓடிக்கொண்டிருப்பதை ஏன் தொட வேண்டும்’ என்று முதலாளி சொல்வார். பதினோரு வருடமாக எனக்கும் அதையேதான் சொல்கிறார்கள்.

சர்வருக்குப் போனாலும் வேறு வேடிக்கை காத்திருக்கிறது. எஸ்கியூஎல் சர்வரில் டேட்டாபேஸை ‘சிங்கிள் யூசர்’ ஆக்கலாம். கூட ‘ரோல்பேக் இம்மீடியட்’ போட்டால் உள்ளே இருப்பவர்களைத் தள்ளிவிட்டே ஆக்கும். அந்த ஒரே ஒரு யூசர் நீங்களாகத்தான் இருப்பீர்கள் என்று உத்தரவாதம் இல்லை. நீங்கள் கனெக்‌ஷனை ஒரு நொடி விட்டால், பின்னணியில் தானாக மீண்டும் இணையும் ஏதோ ஒரு சேவை அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் வாசலில் நிற்பீர்கள்.

மார்ச் 24

பேக்கப். எக்ஸ்க்ளூசிவ் பூட்டு போட்டிருக்கிறேன், ஆகவே யாரும் ஃபைலைத் தொட முடியாது என்று நினைக்காதீர்கள். பூட்டு விழுவது 1 ஜிபி தாண்டிய பைட்டுகளில் என்று 12ஆம் தேதி எழுதினேன் அல்லவா? உங்கள் ஃபைல் 40 எம்பி. விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் காப்பி செய்தால் பூட்டியிருக்கும்போதே ஜம்மென்று காப்பி ஆகும். பாதி எழுதிய நிலையில், பக்கத்திலுள்ள ஜர்னல் ஃபைல் இல்லாமல். அப்படி எடுத்த பேக்கப் திறக்கும், டேபிள்கள் தெரியும், சில பக்கங்கள் மட்டும் வேறு நேரத்தவை. ஒரு வாடிக்கையாளர் இடத்தில் இரவு ஒன்பது மணிக்குக் காப்பி எடுக்கும் ஒரு பேட்ச் ஃபைல் இருந்தது. முடிப்பும் ஒன்பது மணிக்கு. அதைக் கண்டுபிடித்தது புத்திசாலித்தனத்தால் இல்லை, பேட்ச் ஃபைலின் கறுப்பு ஜன்னல் என் கண்ணெதிரே மின்னி மறைந்ததால்.

பேக்கப்பை மென்பொருளுக்குள்ளிருந்தே, எஸ்கியூலைட்டின் பேக்கப் வசதியாலோ ‘வேக்யூம் இன்டு’ கட்டளையாலோ எடுங்கள். இரண்டாவதற்கு 3.27 பதிப்பாவது வேண்டும், 2019இல் வந்தது.

மைக்ரோசாஃப்டின் டாட்நெட் எஸ்கியூலைட் நூலகம் பயன்படுத்துபவர்களுக்கு இரண்டு வரி. பூட்டியிருந்தால் அது உடனே எரர் தராது, இயல்பாக 30 நொடி முயன்று பார்க்கும். கவுண்டரில் இருப்பவர் ‘ஹேங் ஆகிவிட்டது’ என்று பட்டனை அணைப்பார். அப்புறம், பதிப்பு 6 முதல் கனெக்‌ஷன் பூலிங் உண்டு. நீங்கள் மூடினாலும் ஃபைல் பூலில் திறந்தே இருக்கும். பூல்களைக் காலி செய்யும் கட்டளையைக் கூப்பிட்டால்தான் நிஜமாக விடும்.

மார்ச் 27

தினமும் பார்ப்பதுதான்: ஃபயர்ஃபாக்ஸ் ஓடும்போது அதன் வரலாற்று டேட்டாபேஸைத் திறந்தால் ‘டேட்டாபேஸ் இஸ் லாக்டு’ என்று வரும். ஜொடேரோ என்ற நூற்பட்டியல் மென்பொருளும் அப்படியே. அவர்கள் வேண்டுமென்றே எக்ஸ்க்ளூசிவாக வைத்திருக்கிறார்கள். லிப்ரே ஆஃபீஸ் ஆவணத்தின் பக்கத்தில் ஒரு லாக் ஃபைல் வைக்கும், அது துண்டு வகை. கரண்ட் போனால் கிடக்கும், அடுத்த முறை கேள்வி கேட்கும்.

லினக்ஸ்காரர் ஒருவருக்கு: அங்கே ஒரு புராசஸ், ஒரே ஃபைலை இரண்டு முறை திறந்து அதில் ஏதாவது ஒன்றை மூடினால், அந்த ஃபைலின் மேல் அந்த புராசஸ் வைத்திருந்த எல்லா பாசிக்ஸ் பூட்டுகளும் (லினக்ஸில் எஸ்கியூலைட் வழக்கமாகப் பயன்படுத்தும் ஃபைல் பூட்டுகள்) போய்விடும். மற்றது திறந்தே இருந்தாலும்தான். டேட்டாபேஸ் ஃபைலின் தலைப்பை மட்டும் படித்துப் பார்க்கலாம் என்று நீங்களே திறந்து மூடினால், எஸ்கியூலைட் வைத்திருந்த பூட்டைக் கழற்றிவிட்டீர்கள். எரர் எதுவும் வராது.

மார்ச் 31, மாலை

கேட்டவர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார். ‘உள்ளே’ ஃபைல் முறையைப் போட்டுவிட்டாராம். ஒன்று சொல்ல மறந்தேன்: முடிப்பு மறுத்தால், முதலாளி கணினியில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட், ஷேர்டு ஃபோல்டர்ஸ், ஓப்பன் ஃபைல்ஸ். எந்தப் பயனர் எந்த ஃபைலைத் திறந்திருக்கிறார் என்று அங்கே தெரியும், எந்தக் கணினி என்பது பக்கத்து செஷன்ஸ் பட்டியலில். அங்கிருந்தே மூடவும் முடியும். மூடாதீர்கள். எழுந்து போய்ப் பாருங்கள்.

ஏப்ரல் 2

நடந்தது. இரவு ஒன்பதரைக்கு முடிப்பு மறுத்ததாம். மற்ற கணினிகள் எல்லாம் அணைத்தாயிற்று என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். ஓப்பன் ஃபைல்ஸ் பட்டியலில் இரண்டாவது கவுண்டரின் பயனர் பெயர். போய்ப் பார்த்தால் மானிட்டரை அணைத்ததைக் கணினியை அணைத்ததாக நினைத்திருக்கிறார்கள்.

திரையைப் போட்டால் பாதி அடித்த பில் ஒன்று. துவரம்பருப்பு 2 மூட்டை, வாங்கியவர் பெயர் போடவில்லை. குடோனில் எண்ணிப் பார்த்தார்கள், 2 மூட்டை குறைகிறது. யார் எடுத்துப் போனார் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்களாம்.